650 ரூபாய் போச்சு, இருவாச்சி வந்தது! | வால்பாறை இரண்டாம் நாள்

வணக்கம் மக்களே! கட்டங்காப்பி கையில் இருக்கிறது, ஆரம்பிக்கலாம். இன்றைக்கு ஒலியில் காற்று உறுமும், பொறுத்துக்கொள்ளுங்கள். மைக் மேல் முடிமுடியாக ஓர் உறை இருக்குமே, வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் அதை ஒரு சோலைமந்தி உருவிக்கொண்டு மரம் ஏறிவிட்டது. 650 ரூபாய்! வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கீழே நின்று கெஞ்சினேன். அது உறையை முகர்ந்தது, நக்கியது, போய்விட்டது.

சரி, விஷயம்: துண்டு துண்டாகிப்போன காட்டில் மரங்களின் விதைகள் என்ன ஆகின்றன? பக்கத்தில் நின்ற ஒருவர், "எவ்வளவு பச்சை! காடு எங்கே அழிந்தது?" என்றார். அவர் பார்த்தது காடல்ல, தேயிலை. தேயிலைப் பச்சை எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும். 1890களிலிருந்து இங்கே காட்டைப் பெரிய அளவில் வெட்டித் தோட்டம் போட்டார்கள். மிச்சம் விட்டதுதான் நடுநடுவே தெரியும் இந்தத் துண்டுக் காடுகள்.

போன தடவை காட்டினேனே, தேயிலை நடுவே தனியாக நிற்கும் கருங்குங்கிலிய மரம்? அடிமரத்தில் கறுப்புப் பிசின் வழிந்து இறுகியிருக்கும். தளிர் விட்டால் மரமே ரத்தச் சிவப்பு. இந்த முறை காய்த்திருக்கிறது. அடியில் குனிந்து தேடினேன். கொட்டை நிறைய, முப்பட்டையாக, கல் மாதிரி. கன்று? ஒன்றுகூட இல்லை. முளைத்தாலும் தேயிலையில் களையெடுக்கும்போது போய்விடும். இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவை பழத்தை விழுங்கி, தூரத்துக் காட்டில் கொட்டையைக் கக்கினால்தான் அதற்கு வாழ்வு.

காட்டுத் துண்டுக்குள் விழுந்துவிட்டால் மட்டும் தப்பியதா? மழைக்காட்டு விதைகள் பலவற்றுக்கு ஈரம் வற்றினால் உயிர் போய்விடும். நெல் மாதிரி காயவைத்து எடுத்துவைக்க முடியாது. காட்டு ஓரத்திலோ வெயிலும் காற்றும் நேராக உள்ளே இறங்குகின்றன. பிரேசிலில் மனாஸ் பக்கம் 1979இல் தொடங்கிய பரிசோதனையில் 1, 10, 100 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளை ஆராய்ந்தார்கள். அங்கே ஹெலிகோனியா என்ற காட்டுச் செடியின் விதை துண்டுக் காட்டைவிட முழுக்காட்டில்தான் பல மடங்கு முளைத்தது. இங்கே கூடுதல் தொல்லை, ரோபஸ்டா காப்பி. தோட்டத்திலிருந்து தப்பி வந்து காட்டுக்குள் குடியேறிவிட்டது. காப்பி பிடிக்கும், அதற்காக இப்படியா?

அட, பூவை விட்டுவிட்டேன்! விதைக்கு முந்தைய கதை அது. வெடிப்பலா என்ற காட்டு மரத்தின் பூவுக்கு வௌவால் வரும், அது தேயிலையைத் தாண்டிப் பறந்துவிடும். சின்னப் பூச்சிகளை நம்பிய மரங்கள்தான் பாவம். மகரந்தம் வராது, வந்தாலும் பக்கத்து உறவுக்கார மரத்திலிருந்துதான் வரும். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்வது மாதிரி, விதை நோஞ்சானாகிவிடும்.

ஆனால் சாயங்காலம் அதே கருங்குங்கிலிய மரத்துக்கு இருவாச்சி வந்தது மக்களே! நான்கு பழங்கள், எண்ணினேன். அலகு நுனியில் கவ்வி, தலையை அண்ணாந்து, ஒவ்வொன்றாக லபக். அப்புறம் தேயிலைக்கு மேலே துண்டுக் காட்டைப் பார்த்துப் பறந்தது. இறக்கைச் சத்தம் ரயில் எஞ்சின் மாதிரி புஸ் புஸ்ஸென்று கேட்டது. இதோ போடுகிறேன், கேளுங்கள்... பார்த்தீர்களா? வெறும் காற்று. எல்லாம் அந்த 650 ரூபாய்!