ஆறு நாளில் ஒரு வருடம்: ட்ராப்பிஸ்ட்-1இ கோளில் ஒரு தேயிலை மலை

[காட்சி: இலங்கை மலையகம், தலவாக்கலைப் பக்கம், இரவு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் எரியும் பல்பை ஒரு விட்டில் குறுக்கே கடக்கிறது.]

வணக்கம். விட்டில் கடந்த அந்த நொடியில் வெளிச்சம் கொஞ்சம் மங்கியதே, கவனித்தீர்களா? சுமார் 40 ஒளியாண்டுக்கு அப்பால், கும்ப ராசிப் பக்கம், ட்ராப்பிஸ்ட்-1 என்றொரு சின்னச் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. அது இப்படி மங்கி மங்கித் தெளிவதைப் பார்த்தே அதைச் சுற்றும் கோள்களைப் பிடித்தார்கள். மொத்தம் ஏழு என்று 2017 பெப்ரவரியில் அறிவித்தார்கள். நாலாவது கோள்தான் நம்முடைய 'இ'.

இனித் திரையில் வெள்ளை எழுத்தில் வருவது அளந்தது, கணக்குப் போட்டது. பச்சையில் வருவது என் கற்பனை.

[வெள்ளை] 'இ' குறுக்கே வந்தால் நட்சத்திர ஒளியில் 200இல் ஒரு பங்கு குறைகிறது. அதிலிருந்து அகலம் கிடைத்தது: பூமியைப் போல 0.92 மடங்கு. பக்கத்துக் கோள்கள் இழுப்பதால் அது சில நிமிடம் முந்தியோ பிந்தியோ வரும். அதை வைத்துத் திணிவு, அதாவது அதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது: 0.69 மடங்கு. ஒரு சுற்றுக்கு 6.1 நாள். இந்த ஞாயிறு சந்தைக்குப் போய்வந்தால் அடுத்த ஞாயிறுக்குள் அங்கே ஒரு வருடம் முடிந்துவிடும்.

[காட்சி: பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவம். வில் தராசில் தொங்கும் சாக்கு.]

ஈர்ப்பு நம்முடையதில் ஏறக்குறைய 0.82 பங்கு. இங்கே 20 கிலோ காட்டும் இந்தச் சாக்கை இதே வில் தராசோடு அங்கே தூக்கிப் போனால் முள் 16.4இல் நிற்கும். கொழுந்தில் ஓர் இலைகூடக் குறையவில்லை. குறைந்தது நிறை, அதாவது கோள் அதை இழுக்கும் விசை மட்டும், திணிவு அப்படியே. ஆனால் அந்த முள்ளை நம்பிப் பேர் (ஒரு நாள் கூலிக் கணக்கு) போட்டால், கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அளவு போதவில்லை என்று அரைப்பேர்தான் விழும். அது அநியாயம். அங்கே படித்தட்டுத் தராசுதான் வேண்டும், அதில் இரண்டு பக்கமும் ஒன்றாக இலேசாகும்.

நட்சத்திரத்துக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால், நிலா நமக்குக் காட்டுவது போல, 'இ'யும் ஒரே முகத்தைத்தான் காட்டும் என்று கருதுகிறார்கள். அப்படியானால் ஒரு பாதி எப்போதும் பகல், மறுபாதி எப்போதும் இரவு.

[பச்சை] என் தோட்டத்தை அந்த இரண்டுக்கும் நடுவே, ஓயாத அந்தியில் போடுகிறேன். நம் மலையில் காலை வெயில் ஒரு சரிவுக்கு, மாலை வெயில் மறு சரிவுக்கு. அங்கே மலையின் பின்சரிவு ஒருநாளும் விடியாது. ஆகவே செடிகள் முன்சரிவில் மட்டும். கிடைக்கும் வெளிச்சமும் நமக்கு வருவதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒன்றையும் விடாமல் உறிஞ்ச, இலையைக் கிட்டத்தட்டக் கறுப்பாக வரைந்திருக்கிறேன். பனிமூட்டமும் வைத்தேன். வளிமண்டலம் இருந்தால்தான் அது நடக்கும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தேடிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

[வெள்ளை] அப்புறம், எனக்குப் பிடித்த கணக்கு. வெளிப்பக்கத்துக் கோள் 'எஃப்' 18 நாளுக்கு ஒருமுறை 'இ'யை நெருங்கும். அப்போது நம் முழுநிலா அளவுக்குத் தெரியும்.

[பச்சை] ஒரு மலை விளிம்பில், நம் சூரியனைவிட நாலு மடங்கு அகலமாக, அசையாத சிவப்பு நட்சத்திரம். எதிர் மலை விளிம்பில் 'எஃப்'. அன்றைக்குத் தோட்டத்தில் போயா, முழுநிலா நாள் விடுமுறை. மடுவம் பூட்டியிருக்கிறது.