டார்ச் பிடித்தவரை இருட்டில் நிற்பவர் முதலில் பார்ப்பார்

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருட்டிய பிறகு நின்றுகொண்டு பேசுகிறேன். காற்றின் இரைச்சல் என் குரலோடு கலந்து கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த இரைச்சலுக்கும் இன்று ஒரு வேலை இருக்கிறது. ரேடாரை நம்பிப் பாயும் வான் பாதுகாப்பு ஏவுகணை, எதிரி விமானத்தின் காதுக்கும் அது கிளப்பும் குழப்பத்துக்கும் எப்படித் தப்புகிறது என்பதே இன்றைய பேச்சு.

அதோ, கரையோரமாக ஒருவர் டார்ச் அடித்து நண்டு தேடி வருகிறார். அவருடைய வெளிச்சம் என்மேல் பட்டுத் திரும்பினால்தான் அவர் என்னைக் காண முடியும். நானோ அவரை எப்போதோ பார்த்துவிட்டேன். ரேடாரின் சங்கடமும் இதுதான். தொலைவு 2 மடங்கானால், விமானத்தைச் சென்றடையும் அலையின் வலிமை 4இல் ஒரு பங்காகிறது. ஆனால் ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலியோ 16இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது.

எனவே, ஏவுகணை கூடுமானவரை வாய் திறப்பதில்லை. இந்தியாவும் இஸ்ரேலும் சேர்ந்து உருவாக்கிய பராக்-8, தரை ரேடார் அனுப்பும் தகவலைக் கேட்டுக்கொண்டே பெரும்பகுதித் தொலைவைக் கடந்து, இலக்கை நெருங்கிய பிறகே தன் மூக்கிலுள்ள சிறு ரேடாரை, அதாவது சீக்கரை, உயிர்ப்பிக்கிறது. தரை ரேடார் தன்னைத் தேடுவது விமானிக்குத் தெரியும். ஏவுகணை கிளம்பிவிட்டதா என்பதை அவருடைய எச்சரிக்கைக் கருவி உறுதியாகச் சொல்லும்போது மிஞ்சியிருப்பவை சில நொடிகளே. (கிளம்பிய புகையைக் கண்ணால் கண்டுவிட்டால் அது வேறு கதை.)

எதிரியின் காது பழகாத சுருதியில் பேசுவது இன்னொரு வழி. 1973 அக்டோபர் போரில் எகிப்தும் சிரியாவும் பயன்படுத்திய சோவியத் கூப் ஏவுகணைக்காக இலக்கின்மேல் பாய்ச்சப்பட்ட ரேடார் அலை, விட்டுவிட்டுத் துடிக்காமல் தொடர்ச்சியாக ஓடியது. துடிப்புகளுக்கே பழக்கப்பட்டிருந்த இஸ்ரேலிய விமானங்களின் எச்சரிக்கைக் கருவிகள் தடுமாற, தொடக்க நாட்களில் இழப்பு கடுமையாக இருந்தது.

இனி ஜாமர். ரேடாரின் அதிர்வெண்ணிலேயே விமானம் பேரிரைச்சலை எழுப்பி எதிரொலியை மூழ்கடிக்கிறது. ரேடார் நொடிக்கு நொடி அதிர்வெண்ணை மாற்றித் தாவினால், ஜாமர் தன் வலிமையை அகன்ற பட்டை முழுவதும் பரப்பி நீர்த்துப்போக வேண்டியதுதான். இப்போது கவனியுங்கள்: மைக்கை வாயருகே கொண்டுவருகிறேன். காற்று குறையவில்லை, ஆயினும் என் குரல் மேலெழுகிறது அல்லவா? அதுபோல, விமானம் நெருங்க நெருங்க இரைச்சலைவிட எதிரொலி வேகமாக வலுப்பதால், ஒரு தொலைவுக்குள் வந்ததும் ஜாமர் பயனற்றுப்போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வேறு. இலக்கின் எதிரொலி கேட்காவிட்டால் என்ன, இரைச்சல் வரும் திசை தெரிகிறதே என்று சில ஏவுகணைகள் அந்த இரைச்சலையே பிடித்துக்கொண்டு ஜாமரின்மேல் பாயும். தன்னைக் காக்க விமானம் எழுப்பிய ஓசையே அதைக் காட்டிக்கொடுக்கிறது. இதற்கு அஞ்சித்தான், இன்று பல போர் விமானங்கள் ஏமாற்று அலைகளை எழுப்பும் சிறு கருவியொன்றை நீண்ட வடத்தில் கட்டித் தமக்குப் பின்னால் இழுத்துச் செல்கின்றன; ஏவுகணை வெடித்தாலும் அந்த வடத்தின் நுனியில் வெடிக்கட்டும் என்று.