பாதியில் நின்ற கிதார்

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். 1994இல் வந்த 'பீ தௌசண்ட்' என்ற ஆல்பத்தின் முதல் பாட்டு, 'ஹார்ட்கோர் யூஎஃப்ஓஸ்'. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு கிதார் திடீரென்று காணாமல் போகும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல வந்து சேரும். வேறு யாராக இருந்தாலும் திரும்பப் பதிவு செய்திருப்பார்கள். இவர் அதை அப்படியே விட்டார். விட்டதோடு நிற்காமல் ஆல்பத்தின் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தார்.

இவர் ராபர்ட் பொல்லார்ட். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ரைட் சகோதரர்களின் ஊரான டேட்டனில், நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாத்தியார். பள்ளி விட்ட பிறகு நண்பர்களோடு பியர் குடித்துக்கொண்டு கராஜிலும் நிலவறையிலும் பாட்டுப் பதிவு செய்வார். 'கைடட் பை வாய்சஸ்' என்று அந்த ராக் குழுவுக்குப் பெயர். 1987இலிருந்து சொந்தக் காசில் ஆல்பம் ஆல்பமாகப் போட்டார். விமர்சனம் என்று ஒன்று வந்தால்தானே நல்லதா கெட்டதா என்று பார்க்க? ஊருக்குள்ளேயே யாரும் கண்டுகொள்ளவில்லை.

1992இல் இதுதான் கடைசி என்று முடிவு செய்து 'ப்ரொபெல்லர்' போட்டார்கள். 500 பிரதி. ஒவ்வொன்றின் உறையும் கையால் செய்தது, ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஆல்பம் தொடங்கும்போது பெரும் கூட்டம் ஒன்று குழுவின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கும். அந்தக் கூட்டம் பொய். இல்லாத ரசிகர்களையும் தாங்களே பதிவு செய்துகொண்டார்கள்! ஆனால் அந்த 500இல் சில பிரதிகள் சரியான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கிளீவ்லாந்தின் 'ஸ்கேட்' என்ற சிறு இசைத்தட்டு நிறுவனம் அழைத்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் பேர்பெற்ற ராக் கிளப்பான சிபிஜிபி மேடையில் உண்மையான கூட்டத்தின் முன்னால் நின்றார்கள். பிறகு 'பீ தௌசண்ட்' வந்தது. பொல்லார்டுக்கு வயது 36.

அந்த ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவர்கள் பதிவு செய்தது நாலு டிராக், அதாவது நாலு தனித்தனி ஒலித்தடம் கொண்ட கேசட் ரெக்கார்டரில். நம் வீட்டில் கிடந்த அதே கேசட்டில், இரண்டு பக்கத்துக்கும் உரிய இடத்தை ஒரே திசையில் பயன்படுத்திக்கொள்ளும் கருவி அது. மூன்று நிரம்பிவிட்டால், இருப்பதைக் கலந்து நாலாவது டிராக்கில் ஒதுக்கிவிட்டு, காலியான மூன்றில் மேலே பாட வேண்டும். ஒவ்வொரு முறை ஒதுக்கும்போதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும். கடையில் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறை இங்கே இருக்கிறது. அந்த 'ஸ்ஸ்' உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விமர்சகர்கள் அந்த இரைச்சலில் விழுந்துவிட்டார்கள். 'லோ-ஃபை', அதாவது தரம் குறைந்த ஒலிப்பதிவு, என்ற சொல் ஒரு கொள்கை போலவே ஆகிவிட்டது. வாத்தியார், கராஜ், பியர், கேசட் என்று கதையும் எழுத வசதியாக இருந்தது. அன்று வந்த பாராட்டில் பாதி இந்தக் கதைக்குத்தான் என்பது என் எண்ணம். பாட்டைக் கேட்டவர்கள் குறைவு. பாப், பங்க், ப்ராக், சைக்கெடெலிக் என்று நாலு 'ப' தன் இசை என்பார் பொல்லார்ட். (நாலாவது ஆங்கில எழுத்துக் கணக்கில்தான் 'ப', மன்னியுங்கள்.) அந்த நாலாவதுதான் எனக்கு முக்கியம். அர்த்தம் பிடிபடாத வரிகள், கனவில் கேட்டது போல ஒரு மெட்டு, ஒன்றரை நிமிடத்தில் சட்டென்று விழிப்பு. 36 நிமிடத்தில் 20 பாட்டு! இரைச்சல் அந்தக் கனவுக்குப் பனிமூட்டம் மாதிரி.

அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் மட்டும் ஏமாறவில்லை. ஆல்பத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுத்துக்கொண்டே ஒரு குத்தும் குத்தினார். இது கோணல் புத்திக்காரர்களுக்கான பாப், கொஞ்சம் வலி சேர்க்காமல் சுகப்படத் தெரியாத மேதாவிகளுக்கானது என்பது அவர் சொன்னதன் சாரம். எனக்கும் அந்தக் குத்து உறைத்தது. நல்ல மெட்டை நல்ல ஒலியில் கேட்க நமக்கு ஏன் கூச்சம்?

அந்தக் கேள்விக்குச் சோதனை 1999இல் வந்தது. இடையில் பொல்லார்ட் வேலையை விட்டிருந்தார், 'மெட்டடார்' நிறுவனத்துக்கு 28 பாட்டோடு 'ஏலியன் லேன்ஸ்' கொடுத்திருந்தார். அப்புறம் 'டூ த கொலாப்ஸ்'. தயாரிப்பாளர் 'த கார்ஸ்' குழுவின் ரிக் ஓகாசெக். முறையான ஸ்டுடியோ, பளபளப்பான ஒலி. கருத்து இரண்டாகப் பிளந்தது. மெருகு கூடிப்போய்விட்டது, பழைய மாயம் எங்கே என்று பலர் கேட்டார்கள். காசில்லாதபோது செய்தது அழகியல், காசு வந்து செய்தது சமரசமாம். ஏழை வாத்தியார் ஏழையாகவே இருந்திருக்க வேண்டும் போலிருக்கிறது! அந்த ஆல்பம் எனக்கும் பெரிதாகப் பிடிக்காது, ஒளிக்கவில்லை. ஆனால் காரணம் ஒலியில் இல்லை. சில பாட்டுகள் சுமார், அவ்வளவுதான். கேசட்டில் பதிந்திருந்தால் அந்தச் சுமார் தெரிந்திருக்காது என்பதுதான் வேடிக்கை.

விமர்சகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, மனிதர் நிறுத்தவில்லை. எல்லாக் குழுக்களையும் சேர்த்து 2017இல் நூறாவது ஆல்பம் வந்துவிட்டது. எந்த விமர்சகராவது நூறையும் கேட்டிருப்பாரா, சந்தேகம்தான். நானும் கேட்கவில்லை.

சரி, இப்போது அந்த முதல் பாட்டைப் போடப் போகிறோம். மைக் செட் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். நடுவில் கிதார் நின்றுபோகும். பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள்.