சுபோதிவ்: ஒரு பண்ணைத் தகராறும் ஒரு பெரும்போரும்

(திரையில்: உக்ரைன் வரைபடம், டினிப்ரோ ஆற்றின் நடுப்பகுதி)

வணக்கம். உக்ரைனின் நடுப்பகுதியில், சேர்காசி மாகாணத்தில், சிகிரின் என்ற சிறுநகரத்துக்குச் சில கிலோமீட்டர் மேற்கே சுபோதிவ் கிராமம் இருக்கிறது. டினிப்ரோவில் வலப்புறமிருந்து கலக்கும் தியாஸ்மின் ஆறு இதன் அருகே ஓடுகிறது. வடக்கின் காடுகள் குறைந்து தெற்கின் பரந்த புல்வெளி தொடங்கும் பகுதி இது. 17-ஆம் நூற்றாண்டில் போலந்து-லித்துவேனியக் கூட்டரசின் அதிகாரம் இங்கே ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. அதற்கப்பால், கிரிமியத் தாத்தார்களின் குதிரைப்படை எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய வெட்டவெளி கிடந்தது.

இப்படிப்பட்ட எல்லைப்புறத்தில் அரசுப் பணி செய்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. அதற்கான பத்திரம் பல நேரங்களில் வலுவாக இருக்கவில்லை. சுபோதிவ் பண்ணையைப் பெற்ற மிஹைலோ ஹ்மெல்னித்ஸ்கி, 1620-இல் ஒட்டோமான் படைக்கு எதிராகத் ட்செட்சோராவில் நடந்த போரில் உயிரிழந்தார். அதே போரில் சிறைப்பட்டு, பின்னர் விடுதலையாகித் திரும்பிய மகன் பொஹ்தான் பண்ணையைக் கவனித்துவந்தார். 1647-இல் சிகிரினின் துணை நிர்வாகியான டேனியல் சாப்லின்ஸ்கி அதைப் பறித்துக்கொண்டார். உள்ளூர் நீதிமன்றத்திலும் வார்சாவிலும் முறையிட்டும் நியாயம் கிடைக்காத பொஹ்தான், அவ்வாண்டின் இறுதியில், புல்வெளியில் தன்னாட்சியோடு வாழ்ந்த போர்வீரர்களான கொசாக்குகளின் கோட்டையான ஜபோரிஜியச் சிச்சுக்குத் தப்பிச் சென்றார். 1648 தொடக்கத்தில் அவர்களின் ஹெத்மான், அதாவது படைத்தலைவர், ஆனார். அந்த மே மாதத்திலேயே ஜோவ்தி வோதியிலும் கோர்சுனிலும் போலந்துப் படைகள் தோற்றன.

பண்ணைத் தகராறு ஒன்றே இப்போருக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பறிக்கப்பட்ட கொசாக் உரிமைகள், குடியானவர்கள் மீதான அடிமைச் சுமை, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் மனக்குறை ஆகியவை ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தன. இந்த எழுச்சியில் யூதர்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

(திரையில்: எலியா தேவாலயம், அருகிலிருந்து)

1653-இல் ஹெத்மான் இங்கே கட்டிய கல் தேவாலயத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சுவர்களின் தடிமன் ஏறத்தாழ 2 மீட்டர்; அவற்றில் துப்பாக்கி நீட்டிச் சுடுவதற்கான துளைகள் விடப்பட்டுள்ளன. வழிபாட்டிடமே ஊரின் கடைசி அரணாகவும் இருந்திருக்கிறது. உக்ரைனின் 5 ஹிரிவ்னியா பண நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்தக் கட்டடம்தான்.

1657-இல் இறந்த ஹெத்மானை இத்தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். ஆனால் 1664-இல் போலந்துத் தளபதி ஸ்தெஃபான் சார்னியெத்ஸ்கியின் படை ஊரை எரித்தபோது அவரது எலும்புகளும் வெளியே வீசப்பட்டதாக நாளாகமங்கள் கூறுகின்றன. பிற்கால அகழாய்வுகளிலும் அவை கிடைக்கவில்லை.

1845-இல் இங்கு வந்த கவிஞரும் ஓவியருமான தராஸ் ஷெவ்சென்கோ தேவாலயத்தை நீர்வண்ணத்தில் தீட்டினார். அதே ஆண்டில் சுபோதிவைப் பற்றி அவர் எழுதிய கவிதை, 1654-இல் மாஸ்கோவுடன் உடன்பாடு செய்து உக்ரைனை அதன் பிடிக்குள் தள்ளியதற்காக ஹெத்மானையே நேரடியாகக் குற்றம்சாட்டுகிறது. விடுதலை தேடித் தந்தவரா, புதிய தளைக்கு வழிதிறந்தவரா என்று உக்ரைனிய வரலாற்றாசிரியர்கள் இன்றும் அவரைக் குறித்து வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.