பட்டாளத்துக்கு நான் ஏன் போகவில்லை: கேட்டவர்களுக்கு நேரடியாகப் பதில்

[காட்சி: காலை நேரம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் விமானத் தளத்துக்குப் பக்கத்துச் சாலை. மேலே போர் விமானத்தின் இரைச்சல்.]

வணக்கம். இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, மேலே விமானம் பறந்தால் வகுப்பில் டீச்சர் பேச்சை நிறுத்திவிடுவார், சத்தம் கடல் பக்கம் போய் அடங்கிய பிறகுதான் பாடம் தொடரும். இந்த வட்டாரத்துப் பையன்கள் பலருக்கு ராணுவ ஆசை இருந்தது, எனக்கும் இருந்தது. 19 வயதில் தரைப்படைக்கு விண்ணப்பப் பாரம் கூட நிரப்பினேன். அனுப்பவில்லை.

ஏன் என்று கல்யாண வீட்டிலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் இன்னும் யாராவது கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அவர்களே முடித்தும் விடுகிறார்கள்: "நம்ம பிள்ளைங்களுக்கு நாட்டுப் பற்று கம்மிப்பா." இல்லையென்றால், "பயந்துட்டான்." இந்த வீடியோ அந்த இரண்டுக்கும் பதில்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள். மலேசிய ராணுவத்தில் கட்டாயச் சேர்ப்பு கிடையாது. தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை மூன்றுமே விரும்பிச் சேர்பவர்களால் ஆனவை. தேசிய சேவைப் பயிற்சி வேறு. அது 2004-இல் தொடங்கியது, கம்ப்யூட்டர் பெயரைத் தேர்ந்தெடுக்கும், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் 18 வயதுப் பிள்ளைகள் முகாமுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. என் வகுப்பில் நான்கு பேருக்குப் பெயர் வந்தது, எனக்கு வரவில்லை. 2018-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள், பிறகு 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாகத் திரும்ப வந்திருக்கிறது. இந்த முகாமுக்குப் போய் வந்தவன் ராணுவ வீரன் ஆகிவிடுவதில்லை. முகாம் முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். ராணுவத்தில் சாதாரண வீரனாகச் சேர்ந்தவன் பென்ஷனோடு வெளியே வர வேண்டுமென்றால் 21 வருடம் இருக்க வேண்டும். பிள்ளையை "போய்ச் சேருடா" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அந்த வார்த்தைக்குள் இந்த 21 வருடமும் இருக்கிறது.

[காட்சி: சமையலறை மேசை. பழைய விண்ணப்பப் பாரம், பக்கத்தில் ஒரு இன்சுலின் குப்பி.]

சரி, என் கதைக்கு வருகிறேன். பாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் எதிர்வீட்டு மாமா. சொந்தம் இல்லை, ஆனால் அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ரேஞ்சர் ரெஜிமென்டில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையின் இஸ்திரி மடிப்பு எப்போதும் கத்தி மாதிரி இருக்கும். "உனக்கு உடம்பு இருக்கு, எஸ்.பி.எம். இருக்கு, போ தம்பி" என்றார். எஸ்.பி.எம். என்றால் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ். நானும் அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். பெயர், அடையாள அட்டை எண், உயரம், எடை எல்லாம் எழுதியாகிவிட்டது. அப்போது இரவு ஒன்பது மணி ஆனது.

ஒன்பது மணி என்றால் அம்மாவுக்கு ஊசி. அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது, சிரிஞ்சில் இருக்கும் சின்னக் கோடுகள் தெரியாது. நான்தான் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, 14 யூனிட் அளந்து போடுவேன். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. தங்கைக்கு அப்போது 13 வயது, ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடிப்படைப் பயிற்சிக்குப் போர்ட்டிக்சனில் ஆறு மாதம், அதற்கு அப்புறம் சபாவோ சரவாக்கோ, எங்கே அனுப்புகிறார்களோ அங்கே. அன்றைக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு மேசைக்குத் திரும்பி வந்தபோது, அந்தப் பாரத்தில் கையெழுத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. அது காலியாகவே நின்றுவிட்டது.

இது ஒரு காரணம், சொல்வதற்குச் சுலபமான காரணம். அம்மாவைச் சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். இன்னொன்றை வெளியே சொல்ல எனக்குப் பல வருடம் ஆனது: ஒரு மனிதனைச் சுட என்னால் முடியாது. மாமாவிடம் கேட்டதிலிருந்து எனக்கு அது உறுதியாகத் தெரியும்.

அவர் 1970-களில் தாய்லாந்து எல்லைக் காட்டில் இருந்தவர். கம்யூனிஸ்டுகளோடு நடந்த இரண்டாவது சண்டை 1968-இல் தொடங்கி, 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாயில் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் முடிந்தது, அந்தக் காலம். காட்டுப் பாதையில் கண்ணிவெடி புதைத்து வைத்திருப்பார்கள், முன்னால் போகிறவன் மிதித்தால் கால் போய்விடும். அதையெல்லாம் அவர் விலாவாரியாகச் சொல்வார். ஒருநாள் கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நான்தான் புத்தி இல்லாமல் கேட்டேன், "மாமா, நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?" அவர் கிளாஸைக் கீழே வைத்தார். தட்டில் அதை ஒரு சுற்று சுற்றினார், மறுபடியும் ஒரு சுற்று. "ஒரு பையன். உன் வயசுதான் இருக்கும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, டீயையும் குடிக்கவில்லை. அவர் தப்பு செய்தார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, அவர் சுடாவிட்டால் அவர் திரும்பி வந்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் கிளாஸை முப்பது வருடம் சுற்றிக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தன்னால் எது முடியாது என்று தெரிந்தும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகிறவன், பக்கத்தில் நிற்பவனுக்கும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கொண்டுபோகிறான்.

இன்னொரு பேச்சும் உண்டு: "அங்கே நம்ம ஆளுங்களை மேலே வர விட மாட்டாங்க." இதைத் தன் சொந்தக் காரணமாகச் சொல்லும் பையன்களை எனக்குத் தெரியும், அவர்களின் மனக்கசப்பையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். 1933-இல் போர்ட்டிக்சனில் தொடங்கிய மலாய் ரெஜிமென்ட் இன்றும் மலாய்க்காரர்களுக்கு மட்டும்தான், அது உண்மை. ஆனால் ரேஞ்சர் படை எல்லா இனத்துக்கும் உரியது, கடற்படையும் ஆகாயப்படையும் அப்படியே. நம் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் மலேசியர் கோலாலம்பூரில் பிறந்த ஒரு தமிழர், தனபாலசிங்கம். 1967-இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 31. அதனால் தம்பிகளே, கேள்விப்பட்டதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். சாப்பாடு, சாமி கும்பிடுவது, வெள்ளிக்கிழமை சைவம் இதெல்லாம் மனதில் இருந்தால், உள்ளே இருந்து வந்த ஒருவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்ட பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு.

[காட்சி: பழைய ரப்பர்த் தோட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படம்.]

நாட்டுப் பற்று கம்மி என்று சொல்லும் பெரியவர்கள் 1943-ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருடம் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், ஜான்சி ராணிப் படையில் பெண்களும் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி ஆதி நாகப்பன், பதின்ம வயதிலேயே போனார். அவருக்கு லட்சியம் இருந்தது. தோட்டத்தில் பசியோடு கிடந்தவனுக்கு, இதில் சேர்ந்தால் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்ற கணக்கும் இருந்தது. சேர்ந்தவர்களுக்கே சொந்தக் காரணம் இருந்தது என்றால், சேராதவனுக்கு இருக்கக் கூடாதா?

சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன்மார்களுக்கு இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அங்கே 1967-இலிருந்து கட்டாய ராணுவ சேவை உண்டு, முழுநேரமாக இரண்டு வருடம். நீங்கள் வேலையை வைத்து நிரந்தரவாசம் வாங்கினால் பொதுவாக உங்களுக்கு விலக்கு உண்டு, உங்கள் பெயரில் மகனுக்கும் வாங்கினால் அவனுக்கு விலக்கு இல்லை. ஐந்து வயதுப் பையனுக்கு நாம் போடும் கையெழுத்து, அவனுடைய 18 வயதில் வந்து நிற்கும். அவனிடம் கேட்க முடியாத வயதில் எடுக்கும் முடிவு இது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

[காட்சி: 2017 நவம்பர். வெள்ளம் சூழ்ந்த தெரு.]

ராணுவத்தின் மேல் எனக்கு மரியாதை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி பினாங்கில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மாவை மேசை மேல் உட்கார வைத்துவிட்டு, இன்சுலினை ஐஸோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நான் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். விடிந்து வெகுநேரம் கழித்து ராணுவ லாரி வந்தது. இருபது வயது கூட இருக்காது, ஒரு மலாய்ப் பையன், அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு லாரி வரைக்கும் நடந்தான். "மக்சிக், பெகாங் குவாட்-குவாட்" என்று சொல்லிக்கொண்டே போனான், இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று. நான் டப்பாவோடு பின்னாலேயே போனேன்.

அடுத்த வருடம் பொதுத் தற்காப்புப் படையில் தொண்டூழியனாகப் பெயர் கொடுத்தேன். படகு ஓட்டவும், தண்ணீரில் இருந்து ஆளைத் தூக்கவும், முதலுதவி செய்யவும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். மாமாவிடம் போய்ச் சொன்னேன். சீருடையைக் கையில் வாங்கிப் பார்த்தார், காலர் சுருங்கியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போய் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்தார்.