பழைய நிலப்படத்துக்கு லேமினேஷன் வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் நூலகத்துறைப் பெரியோர்களே, தம் சேகரத்தைச் சுமந்து வந்து இக்கூடத்தில் காட்சிக்கு வைத்திருக்கும் அன்பர்களே, வாசலில் நின்றே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய நிலப்படங்களின் வண்ணம், பாதுகாப்பு ஆகிய இரண்டையும் பேசவேண்டும். முதலில் வண்ணம். வெளுத்ததெல்லாம் பால் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலான படங்கள் செப்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ கறுப்பு மையில் மட்டும் அச்சாயின. நீர்வண்ணத்தைப் பிறகு தாள் தாளாகக் கையால் தீட்டினார்கள். வண்ணமில்லாத பழைய தாளில் இன்று வண்ணம் பூசி விற்பதும் நடக்கிறது. வாங்குமுன் தாளைத் திருப்புங்கள். செம்பு கலந்த பச்சை பூசிய இடம் பின்புறம் பழுப்பாக ஊறியிருந்தால் அது பழைய வண்ணம் என்பதற்கு நல்ல அறிகுறி. நடுமடிப்பையும் பாருங்கள். மடிப்பு வெடித்த பிறகு பூசிய வண்ணம் விரிசலுக்குள் இறங்கித் திட்டாகத் தேங்கி நிற்கும்.

இந்தியப் படம் சேர்ப்போர் பலர் தேடுவது, 4 மைலுக்கு 1 அங்குலம் என்ற அளவில் 1827 முதல் லண்டனில் வெளிவந்த இந்திய அட்லஸின் தாள்களை. எல்லைகளுக்குக் கையால் வண்ணம் தீட்டிய பிரதிகள் அதில் உண்டு. அந்தப் படங்களுக்கு அடிப்படையான நில அளவையின் கதையில் நம் தஞ்சாவூரும் இருக்கிறது! 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோட்டை, அதாவது நில அளவைக்கு ஆதாரமான முதல் நேர்கோட்டை, அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன், 1808-இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற நில அளவைக் கருவியை ஏற்றினார். பாதி வழியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டமே கோணிப்போனது. வேறு கருவி வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்துதான் கப்பல் ஏறி வரவேண்டும். மனிதர் கூடாரத்துக்குள் புகுந்தார். ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, மயிரிழை மயிரிழையாக இழுத்து, ஆறு வாரத்தில் வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார்.

அந்த உழைப்பில் விளைந்த தாளைத்தான் லேமினேஷன் இயந்திரத்துக்குள் விடுகிறோம், ஐயா! சூட்டில் உருகிய பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடுகிறது. பிரித்தெடுக்கப் போனால் வண்ணமும் தாளும் சேர்ந்தே சேதமாகும். பளபளப்பைப் பார்த்துப் பாதுகாப்பு என்று நம்புகிறோம். வெளுத்ததெல்லாம் பால் அல்ல. செல்லோ டேப்பும் அப்படித்தான். சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகப் படிந்துவிடும். கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். அமிலமற்ற உறையில், மடிக்காமல், படுக்கை வசமாக வையுங்கள். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக்கூடாது.

மேடையிலுள்ள நூலகத்துறைப் பெரியோர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 1900-க்கு முந்தைய எந்த நிலப்படத்தையும் லேமினேஷன் செய்யக்கூடாதென்று எல்லா நூலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.