பேரைச் சொல்லித்தான் ஓட்டு: குரோஷியா, 1908

[திரையில்: ஆஸ்திரியா-ஹங்கேரி வரைபடம். குரோஷியா-ஸ்லவோனியா மட்டும் நிறம் மாறுது.]

1908 பிப்ரவரி 27. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுல ஹங்கேரிக்குக் கீழே, ஜாக்ரெப்பைத் தலைநகரா வெச்சிருந்த குரோஷியா-ஸ்லவோனியாவுல 'சபோர்'ங்கிற சட்டமன்றத்துக்குத் தேர்தல். மொத்தம் 88 இடம்.

ஓட்டுச்சீட்டு கிடையாது. அதிகாரிங்க உட்கார்ந்திருக்கிற மேஜைக்கு முன்னாடி போய் நின்னு, வேட்பாளர் பேரை வாயால சொல்லணும். பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் கேட்கும். நாட்டுல கிட்டத்தட்ட 24 லட்சம் மக்கள்; ஓட்டு இருந்ததோ நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான். அதுலயும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் ஏராளம். சம்பளம் தர்ற அரசாங்கத்துக்கு எதிரா, அதிகாரி முகத்தைப் பார்த்துக்கிட்டே எத்தனை பேர் வாயைத் திறப்பாங்க?

இந்த ஏற்பாட்டோட பலத்துலதான் கூன்-ஹேதர்வாரி 1883லேர்ந்து 20 வருஷம் 'பான்', அதாவது ஆளுநர், பதவியில இருந்தார். அங்கே வாழ்ந்த குரோட்டுகளையும் (குரோஷியர்கள்) செர்பியர்களையும் மோதவிடுறதும் அவர் கைவேலை. 1905 கடைசியில ரெண்டு பக்கத்துக் கட்சிகளும் கைகோத்து குரோட்-செர்பிய கூட்டணி அமைச்சதும் அந்த வித்தை பலிக்கல.

[திரையில்: பழைய ரயில் நிலையம்.]

1907ல புடாபெஸ்ட்ல இருந்த ஹங்கேரி அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்துச்சு. ரயில்வே ஊழியர்களுக்கு ஹங்கேரிய மொழி கட்டாயம், குரோஷிய மண்ணுலயும்! அங்கே அலுவல் மொழி குரோஷியன்தான்னு, ரெண்டு பேருக்கும் இடையில போட்ட 1868 ஒப்பந்தத்துலயே ஹங்கேரி ஒத்துக்கிட்டிருந்துச்சு. அதே ஒப்பந்தம் தந்த உரிமையை வெச்சு, குரோஷியப் பிரதிநிதிகள் புடாபெஸ்ட் நாடாளுமன்றத்துல எழுந்து குரோஷிய மொழியிலயே மணிக்கணக்கா பேசி அவையை முடக்கினாங்க. எனக்கு இந்த வரலாற்றுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

கூட்டணியை உடைக்க 1908 ஜனவரியில பாவோ ரவுஹ் புது பானா வந்தார். அடுத்த மாசமே தேர்தல். அரசாங்கம், போலீஸ், பதவி எல்லாம் அவர் கையில. முடிவு? அவர் பக்கத்துக்கு ஒரு இடம்கூட கிடைக்கல. கூட்டணிக்குத் தனிப் பெரும்பான்மை. வேலை போகும்னு தெரிஞ்சும் பேரைச் சொன்னவங்களோட துணிச்சல் அது.

மார்ச்ல கூடின சபோரை உடனே கலைச்சுட்டாங்க. 1909ல 53 செர்பியர்கள் மேல தேசத்துரோக வழக்கு. வரலாற்றாசிரியர் ஃபிரீட்யுங் கூட்டணித் தலைவர்கள் பக்கத்து நாடான செர்பியாகிட்ட காசு வாங்கினதா எழுதினார். அவங்க வியன்னாவுல அவர்மேல வழக்குப் போட்டாங்க. அவர் காட்டின ஆவணங்கள் போலின்னு அங்கே அம்பலமாச்சு.

1910ல புதுச் சட்டம் வந்து வாக்காளர் எண்ணிக்கை பல மடங்கு கூடுச்சு. அந்த வருஷத் தேர்தல்ல ஸ்டெபான் ராடிச்சோட விவசாயிகள் கட்சி 9 இடம் பிடிச்சுது.